தென்னைக்கு எங்கே நோகிறது? வடசென்னை வீட்டு மரங்களுக்கு ஒரு கைவைத்தியக் குறிப்பு

தண்டையார்பேட்டையில் எங்கள் வீட்டுப் பின்கட்டில் ஒரு நெட்டைத் தென்னை நிற்கிறது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் முற்றத்தில் முழங்கால் அளவு தண்ணீர். அப்புறம் தெருவை உயர்த்தினார்கள். நாங்களும் முற்றத்தை உயர்த்தி, மரத்தைச் சுற்றி ஒரு சாண் மட்டும் விட்டுவிட்டு மிச்சத்துக்கெல்லாம் சிமெண்ட் போட்டோம். அடுத்த வருஷம் டிசம்பர் 12-ஆம் தேதி வர்தா புயல் அடித்தது. நாலைந்து மட்டை முறிந்ததோடு மரம் தப்பியது. 2018 கோடையில் குரும்பை, அதாவது பிஞ்சுக் காய், கொட்ட ஆரம்பித்தது. புயலில் மரம் ஆடிப்போச்சு என்றார் எதிர்வீட்டு அண்ணன். போர் தண்ணி உப்பு என்றார் பிளம்பர். கண் பட்டிருக்கு என்றாள் அத்தை. மூன்றுக்கும் பரிகாரம் செய்தோம், பூசணிக்காய் உட்பட. காரணம் என்னவோ காலடியில் சிமெண்ட்டாகக் கிடந்தது. அதைக் கண்டுபிடிக்கவே இன்னும் ஒரு வருஷம் ஆனது.

அதற்குப் பிறகு அக்கம்பக்கத்தில் யார் வீட்டுத் தென்னைக்கு என்ன ஆனாலும் என்னைக் கூப்பிடுகிறார்கள். நான் போய் முதலில் கேட்பது "என்ன ஆச்சு?" என்பதை அல்ல, "எங்கே?" என்பதை. தென்னையில் குறை எந்த இடத்தில் தெரிகிறது என்பதே பாதி வைத்தியம்.

ஒரு கணக்கு மனதில் இருக்கட்டும். நன்றாக இருக்கும் மரம் மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு ஓலை விடும். ஒவ்வொரு ஓலையின் கக்கத்திலும் ஒரு பாளை. கொண்டையில் 30 முதல் 40 மட்டை நிற்கும். பாளை வெடித்ததிலிருந்து காய் முற்ற 12 மாதம். அந்தப் பாளையோ வெளியே தலைகாட்டுவதற்கு 2 வருஷத்துக்கும் முன்பே குருத்துக்குள் கருவாகிவிடுகிறது. ஆகவே இன்றைக்கு மரத்தில் தெரிவது பெரும்பாலும் பழைய பாக்கி. இன்றைக்கு வைக்கும் உரமும் அடுத்த மாதமே பதில் சொல்லாது.

கீழ்வட்டத்து மட்டையில் குறை என்றால் சாப்பாடு, தண்ணீர், வேர் ஆகியவற்றைப் பாருங்கள். அவசரமில்லை, ஒரு வாரம் யோசிக்கலாம். குருத்தில் குறை என்றால் அன்றைக்கே ஆள் கூப்பிடுங்கள். தென்னைக்கு ஒரே ஒரு குருத்துதான். அது போனால் மரம் போச்சு. மாமரம் மாதிரி பக்கக் கிளை விட்டுப் பிழைக்க அதற்கு வழி கிடையாது.

குருத்து வாடுகிறது, சாய்கிறது

பக்கத்து வீட்டு மொட்டைமாடியிலிருந்து போனில் பெரிதாக்கிப் பார்த்தாலே பாதி தெரிந்துவிடும். மீதிக்கு மரம் ஏறுபவர் வேண்டும். அவரிடம் ஒன்றே ஒன்று சொல்லுங்கள்: நடுக்குருத்தை மெதுவாக இழுத்துப் பார்க்கட்டும். கையோடு வந்துவிட்டால், அடிப்பாகம் கொழகொழவென்று அழுகிக் குடலைப் புரட்டும் நாற்றம் அடித்தால், அது குருத்தழுகல். பைட்டோப்தோரா என்ற பூசணத்தின் வேலை. ஐப்பசி, கார்த்திகை மழையில் ஈரம் காயாமல் நிற்கும்போதுதான் அதிகம் வரும்.

அழுகிய பகுதியை வெள்ளையான நல்ல சதை தெரியும்வரை வழித்தெடுக்க வேண்டும். தயங்கிப் பாதியை விட்டால் பயனில்லை. பிறகு போர்டோ பசை. மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) 100 கிராம் அரை லிட்டர் தண்ணீரில், சுண்ணாம்பு 100 கிராம் இன்னொரு அரை லிட்டரில் தனித்தனியே கரைத்து, துத்தக் கரைசலைச் சுண்ணாம்பில் ஊற்றிக் கலக்குங்கள். பிளாஸ்டிக் பக்கெட்டோ மண்பானையோ போதும்; இரும்பு, தகரப் பாத்திரம் கூடாது. ஒரு பழைய இரும்புக் கத்தியை முக்கி எடுத்துப் பாருங்கள். அதில் செம்பு நிறம் படிந்தால் துத்தம் மிஞ்சியிருக்கிறது, இன்னும் கொஞ்சம் சுண்ணாம்பு சேர்க்க வேண்டும். பசையைத் தடவி, மழைநீர் இறங்காதபடி ஒரு மண்சட்டியைக் கவிழ்த்துவிட்டு வாருங்கள். புதுக்குருத்து முட்டிக்கொண்டு வரும்வரை சட்டி இருக்கட்டும். பக்கத்தில் வேறு தென்னைகள் இருந்தால் அவற்றின் கொண்டைக்கு 1 சதவீதப் போர்டோ கலவை, அதாவது இதே துத்தமும் சுண்ணாம்பும் பல மடங்கு தண்ணீரில் கரைத்தது, தெளிக்கலாம்.

குருத்து கையோடு வரவில்லை, நாற்றமும் இல்லை, ஆனால் கடித்துப் போட்ட நார்த்தூள் கக்கத்தில் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்றால் அடுத்த தலைப்புக்குப் போங்கள்.

ஓலையில் கத்தரித்தது போல வெட்டு

மழைக்காலத்தில் டியூப்லைட்டைச் சுற்றிப் பறந்து "டப்" என்று தரையில் விழும் தடித்த கறுப்பு வண்டு, தலையில் ஒரு கொம்பு. காண்டாமிருக வண்டு. அது விரியாத குருத்தைத் துளைத்துக்கொண்டு போகும். குழந்தைகள் காகிதத்தை மடித்து ஒரு ஓரத்தை வெட்டி விரித்தால் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி தோரணம் வருமே, அதே கதைதான். குருத்தில் போட்ட ஒரு ஓட்டை, ஓலை விரிந்தபின் இருபுறமும் கத்தரித்த முக்கோணமாகத் தெரிகிறது. அதாவது நீங்கள் வெட்டைப் பார்க்கும்போது வண்டு வந்துபோய் மாதங்கள் ஆகியிருக்கும்.

வளர்ந்த மரம் இதைத் தாங்கும். சின்ன மரம்தான் சாகும். கொண்டையின் உள்வட்டத்து 3 மட்டைக் கக்கங்களில் வேப்பங்கொட்டைத் தூள் ஒரு பங்கு, மணல் இரண்டு பங்கு கலந்து மொத்தம் 150 கிராம் போடுங்கள். கைக்கு எட்டும் கன்றுக்கு அந்துருண்டை 3 வைத்து மேலே மணல் தூவலாம், 45 நாளுக்கு ஒருமுறை. கம்பியில் கொக்கி செய்து ஓட்டைக்குள் விட்டு வண்டைக் குத்தி எடுப்பது பழைய முறை. ஆள் கிடைத்தால் இன்றைக்கும் அதைவிட நல்லது இல்லை.

ஆனால் வண்டு பிறக்கும் இடத்தை விட்டுவிட்டு மரத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் ஆயுசுக்கும் கொக்கிதான். வண்டின் புழு மக்கிய சாணத்திலும் உளுத்த தென்னந்தண்டிலும் வளர்கிறது. வியாசர்பாடி, கொருக்குப்பேட்டைப் பக்கம் சந்துக்குள் இன்னும் மாடு கட்டுகிறார்கள். மூலையில் மாதக்கணக்கில் கிடக்கும் சாணக் குவியலைக் கிளறிப் பாருங்கள். கட்டைவிரல் தடிமனில், வளைந்து, வெள்ளையாகப் புழு கிடைக்கும். மாடித்தோட்டத்து உரத்தொட்டியும் விதிவிலக்கல்ல. குவியலை இரண்டு மாதத்துக்கு ஒருமுறை காலி செய்வது, முடியாவிட்டால் மெட்டாரைசியம் என்ற பூசணப் பொடியைக் கலந்துவிடுவது. மாட்டுக்காரரிடம் சண்டைக்குப் போகாமல் ஒரு பொட்டலம் வாங்கிக்கொண்டு போய்க் கொடுங்கள். அதுதான் வேலைக்கு ஆகும்.

தண்டில் சாறு வடிகிறது

இங்கே மூன்று வேறு நோய்கள் ஒரே முகத்தோடு வருகின்றன. விரலால் தொட்டுப் பார்ப்பதுதான் வழி.

சாறோடு மென்று துப்பியது போல நார் வருகிறதா, ஓட்டை இருக்கிறதா, காதை வைத்தால் உள்ளே "கறக் கறக்" என்று சத்தம் கேட்கிறதா, புளித்த கள் வாசனை வருகிறதா? அப்படியானால் சிவப்புக் கூன்வண்டு. தென்னைக்கு இதைவிடப் பெரிய எதிரி கிடையாது. முட்டையிலிருந்து வண்டு ஆகும்வரை எல்லாம் தண்டுக்குள்ளேயே நடப்பதால், வெளியே தெரியும்போது உள்ளே பாதி கூழாகியிருக்கும். கொடுங்கையூரில் ஒரு வீட்டில் இளநீர் பறித்த நாலாம் நாள் கொண்டை அப்படியே மடிந்து மாடிப்படி மேல் விழுந்தது. முந்தின நாள்வரை ஓலை பச்சையாகத்தான் இருந்தது.

இந்த வண்டு காயத்தைத் தேடித்தான் வரும். பண்டிகைக்குப் பந்தல் போடவென்று பச்சை மட்டையைத் தண்டோடு ஒட்ட வெட்டுவது, கொடி கட்ட ஆணி அடிப்பது, ஏறுவதற்குப் படி செதுக்குவது, எல்லாமே அதற்கு அழைப்பிதழ்தான். பச்சை மட்டையை வெட்டியே ஆக வேண்டுமென்றால் தண்டிலிருந்து 4 அடி விட்டு வெட்டுங்கள். ஏற்கெனவே பட்ட காயத்துக்குப் போர்டோ பசை தடவுங்கள். இனக்கவர்ச்சிப் பொறி என்று ஒன்று விற்கிறார்கள். தோப்புக்கு அது சரி. 20-க்கு 40 அடி மனையில் ஒற்றை மரத்துப் பக்கத்தில் அதைத் தொங்கவிட்டால் ஊர் வண்டையெல்லாம் உங்கள் மரத்துக்கு நீங்களே கூப்பிட்டதாகும்.

ஓட்டைக்குள் பாஸ்பைடு மாத்திரை போட்டு மூடச் சொல்லும் ஆட்கள் உண்டு. அது ஆளைக் கொல்லும் வாயு. ஜன்னலுக்கு மூன்றடியில் மரம் நிற்கும் வீட்டில் அந்த வேலையே வேண்டாம். தோட்டக்கலைத் துறை அலுவலகத்தில் கேட்டு, தெரிந்தவரை வைத்துச் செய்யுங்கள். என்ன மருந்து கட்டினாலும் அதற்கு முன்பே இளநீர், காய் எல்லாவற்றையும் இறக்கிவிடுங்கள். பிறகு 45 நாளாவது பறிக்கக் கூடாது.

ஓட்டையும் இல்லை, நாரும் இல்லை, பட்டை வெடிப்பிலிருந்து செம்பழுப்பு நீர் கசிந்து காய்ந்து கறுத்திருக்கிறது என்றால் சாறுவடிதல் நோய். அந்தப் பட்டையைச் செதுக்கிவிட்டுப் பசை தடவினால் பெரும்பாலும் அடங்கும். அதே கசிவு தூரில் தொடங்கி மேலே ஏறிக்கொண்டே போகிறது, அடிமட்டைகள் தொங்குகின்றன என்றால் தஞ்சாவூர் வாடல். மணற்பாங்கான நிலத்தில் தண்ணீர் காணாமல் கிடக்கும் மரத்தை அது சுலபமாகப் பிடிக்கும். திருவொற்றியூர், எண்ணூர்க் கடலோரத்து மணலில் நிற்கும் மரங்களுக்கு இதைச் சொல்லியே ஆக வேண்டும். தொழுவுரமும் வேப்பம்பிண்ணாக்கும் வருஷாவருஷம் போகிற மரத்துக்கு எதிர்ப்புச் சக்தி கூடுதல்.

வண்டி, துணி, தரை எல்லாம் கரி

வடசென்னையில் எது கறுத்தாலும் நாம் ஆலைப் புகையைத்தான் நினைப்போம். நினைப்பதற்கு நியாயமும் இருக்கிறது. ஆனால் மரத்தடியில் நிற்கும் வண்டி மட்டும் கறுத்து, எதிர் ஓரத்தில் நிற்கும் வண்டி சுத்தமாக இருந்தால் கொஞ்சம் யோசியுங்கள்.

அந்தக் கரியை ஈரவிரலால் தேயுங்கள். சாம்பலும் தூசியும் என்றால் சேறாகக் கரையும். இது கரையாது; பிசுபிசுவென்று ஒட்டி, ஓலையிலிருந்து காய்ந்த தோல் மாதிரி உரிந்து வரும். ஓலையைத் திருப்பினால் அடியில் வெள்ளை மாவில் சுருள் சுருளாகக் கோலம் போட்டது போலிருக்கும். சுருள் வெள்ளை ஈ. 2016-இல்தான் இது இந்தியாவில் முதன்முதலாகப் பதிவானது, அதுவும் நம் தமிழ்நாட்டில். ஈ சாற்றை உறிஞ்சி இனிப்பான கழிவைச் சொட்டுகிறது. அந்த இனிப்பின் மேல் கரும்பூசணம் படர்கிறது.

இங்கே எல்லோரும் செய்யும் தப்பு மருந்தடிப்பது. என்கார்சியா என்று கண்ணுக்கே சரியாகத் தெரியாத ஒரு குட்டிக் குளவி, வெள்ளை ஈயின் குஞ்சுக்குள் முட்டையிட்டு அதைத் தின்றே தீர்த்துவிடும். மருந்தடித்தால் முதலில் சாவது இந்தக் குளவிதான். ஈ அடுத்த மாதமே திரும்பும். மோட்டார் வைத்துத் தண்ணீரை ஓலையின் அடிப்பக்கம் வேகமாகப் பீய்ச்சுங்கள். மஞ்சள் தாளில் விளக்கெண்ணெய் தடவி ஆளுயரத்தில் கட்டுங்கள். கரிக்கு மைதாக் கஞ்சி: லிட்டருக்கு 25 கிராம் மைதாவைக் காய்ச்சி, ஆறவைத்து, ஓலையின் மேல் தெளித்தால் வெயிலில் காய்ந்து கரியோடு சேர்ந்து அப்பளமாக உதிரும். முற்றத்தில் வாழையோ கல்வாழையோ இருந்தால் அதன் இலையடியையும் பாருங்கள், ஈ அங்கேயும் குடியிருக்கும். ஒரு நல்ல மழைக்குப் பிறகு தானாகவே பாதி குறைந்துவிடும் என்பதும் உண்மை.

அடிமட்டை மஞ்சளாகிக் காய்கிறது

வயதான மட்டை மாதத்துக்கு ஒன்று காய்ந்து விழுவது இயற்கை, அதற்கு வைத்தியம் இல்லை. ஒரே சமயத்தில் ஏழெட்டு மட்டை பழுத்தால்தான் பிரச்சினை.

கீற்றின் நுனியும் ஓரமும் தீய்ந்து, நடுவில் ஆரஞ்சுப் புள்ளிகள் இருந்தால் பொட்டாஷ் போதவில்லை. வெயில் படும் பக்கம் மஞ்சளாகி, ஈர்க்கை ஒட்டிய பகுதியும் நிழல் விழுந்த பகுதியும் பச்சையாகவே இருந்தால் மெக்னீசியம். மொத்தமாக வெளிறிப் போயிருந்தால் தழைச்சத்து, இல்லையென்றால் வேர் தண்ணீரில் மூச்சுமுட்டுகிறது. கொளத்தூர், ரெட்டேரிப் பக்கத்துக் களிமண்ணில் மழைக்குப் பிறகு இதுதான் அதிகம்.

பொட்டாஷ் குறைந்த மரம் தன் கிழட்டு மட்டையிலிருந்து சத்தை உறிஞ்சிக் குருத்துக்கு அனுப்பும். பார்க்க அசிங்கமாக இருக்கிறது என்று அந்த மஞ்சள் மட்டையை வெட்டினால் அதன் கையிருப்பையே பிடுங்கிவிட்டீர்கள். அடுத்த வட்டத்து மட்டை பழுக்க ஆரம்பிக்கும். முழுக்கக் காய்ந்த பிறகு எடுத்தால் போதும்.

5 வயதுக்கு மேற்பட்ட மரத்துக்கு வருஷத்துக்கு யூரியா 1.3 கிலோ, சூப்பர் பாஸ்பேட் 2 கிலோ, பொட்டாஷ் 2 கிலோ, தொழுவுரம் 50 கிலோ என்பது வேளாண் பல்கலைக்கழகத்தின் கணக்கு. ரசாயன உரத்தை இரண்டாகப் பிரித்து, ஆனி ஆடியில் ஒரு பங்கு, மார்கழி தையில் ஒரு பங்கு. மெக்னீசியத்துக்கு மெக்னீசியம் சல்பேட் அரை கிலோ. தூரில் கொட்டாதீர்கள். மரத்தைச் சுற்றி 6 அடி தூரத்துக்குள்தான் வேலை செய்யும் வேர்கள் பரவியிருக்கின்றன. அந்த வட்டத்தில் தூவிக் கொத்திவிட்டுத் தண்ணீர் கட்டுங்கள்.

இந்த 6 அடிதான் எங்கள் வீட்டுக் கதை. ஆணிவேர் இல்லாத மரம் இது, தூரிலிருந்து கயிறு கயிறாகப் புதுவேர் விட்டுக்கொண்டே இருக்கும். நாங்கள் அந்த வட்டத்தை முழுக்கச் சிமெண்ட்டால் மூடிவிட்டு, ஒரு சாண் ஓட்டையில் தண்ணீரும் உரமும் ஊற்றிக்கொண்டிருந்தோம். கடைசியில் கொத்தனாரைக் கூப்பிட்டு, சுவர்ப்பக்கம் போக மிச்சப் பக்கத்தில் அரைவட்டமாக உடைத்தெடுத்தோம். "போன தடவை நான்தானே போட்டேன்" என்று சிரித்தார் அவர். சிமெண்ட்டுக்கு அடியில் மண் மாவாக உலர்ந்து கிடந்தது.

உப்புத் தண்ணீரைப் பற்றி ஒரு வார்த்தை. மீஞ்சூர்ப் பக்கம் நிலத்தடியில் கடல்நீர் ஏறியது வெகுகாலமாகத் தெரிந்த சங்கதி. வடசென்னையில் பல போர்களில் வாயில் வைக்க முடியாது. ஆனால் தென்னை உப்பைப் பார்த்துப் பயப்படும் மரம் அல்ல, அதற்குக் குளோரைடு வேண்டியும் இருக்கிறது. தினம் ஒரு சொம்பு உப்புத் தண்ணீர் ஊற்றுவதுதான் கெடுதல்: நீர் ஆவியாகி உப்பு மேல்மண்ணிலேயே தங்கிவிடும். கோடையில் நாளுக்கு நாலு குடமாவது ஊற்றுங்கள், மூடாக்காக மட்டையும் தேங்காய் நாரும் போடுங்கள். 2003-இல் கட்டாயமாக்கிய மழைநீர்க் குழாய் எல்லா வீட்டிலும் எங்கோ ஒரு மூலையில் இருக்கிறது. அதில் வழியும் தண்ணீரைத் தென்னை வட்டத்துக்குத் திருப்பிவிட்டால் ஐப்பசி மழை அந்த வருஷத்து உப்பைக் கழுவிக்கொண்டு போகும்.

குரும்பை கொட்டுகிறது, காய் ஒல்லியாகிறது

பாளையில் உள்ள பெண்பூவில் பாதிக்கு மேல் உதிர்வது வழக்கம். கொட்டியதை எண்ணாமல் குலையில் நின்றதை எண்ணுங்கள். ஒன்றுமே நிற்கவில்லை என்றால் முந்தின தலைப்பில் சொன்ன தண்ணீர், பொட்டாஷ், வேர் வட்டம்தான் முதல் சந்தேகம்.

உள்ளே பருப்பே இல்லாத ஒல்லிக்காயைத் தேரை மோந்த காய் என்பார்கள். பாவம், தேரை அவ்வளவு உயரம் ஏறி என்ன செய்யப்போகிறது? மகரந்தம் சரியாகச் சேராததும் பொட்டாஷ், போரான் குறைவும்தான் காரணம். போரான் குறைந்த மரத்தில் இன்னொரு அடையாளம் உண்டு: புது ஓலை விரியாமல் நுனி பின்னிக்கொண்டு, கசக்கிய விசிறி மாதிரி நிற்கும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை 50 கிராம் போராக்ஸ் வட்டத்தில் போட்டால் போதும். அள்ளிப் போட்டால் விஷம்.

குரும்பையின் தொப்பிக்குக் கீழே வெளிறிய முக்கோணம் தோன்றி, காய் பெரிதாகும்போது அது பழுப்பு வெடிப்பாகச் சொறிந்திருந்தால் ஈரியோபைட் சிலந்தி, கண்ணுக்குத் தெரியாத ஒரு நுண்பூச்சி. இந்தியாவில் 1998-இல் கேரளத்தில் தலைகாட்டியது. இதற்கு வேர்வழி வேம்பு கட்டலாம். மரத்திலிருந்து இரண்டு மூன்றடி தள்ளி மெதுவாகத் தோண்டினால் பென்சில் தடிமனில் இளஞ்சிவப்பு வேர் கிடைக்கும். கறுத்த வேர் வேண்டாம், அது குடிக்காது. நுனியைச் சாய்வாகச் சீவி, 1 சதவீத அசாடிராக்டின் என்ற வேம்பு மருந்து 10 மில்லியும் தண்ணீர் 10 மில்லியும் ஊற்றிய சின்னப் பிளாஸ்டிக் பையில் நுனி அடியைத் தொடும்படி நுழைத்து நூலால் கட்டி மண்ணை மூடுங்கள். மறுநாள் பை காலியாக இருந்தால் வேர் உயிரோடிருக்கிறது. அப்படியே இருந்தால் வேறு வேர் தேடுங்கள்.

காம்புப் பக்கம் வட்டமாக ஓட்டை போட்ட இளசுகள் விழுந்தால் எலி. தண்டில் ஆளுயரத்துக்கு மேல் தகரப்பட்டை சுற்றுவார்கள். ஆனால் கேபிள் ஒயரும் ஆஸ்பெஸ்டாஸ் கூரையும் ஓலையைத் தொடும் சந்தில் எலிக்கு அது வேடிக்கைப் பொருள்.

கன்று வளரவே மாட்டேன் என்கிறது

பெரும்பாலும் கழுத்து மண்ணில் புதைந்திருக்கும். மூன்றடிக் குழியில் ஆழமாக வைப்பது சரி, ஆனால் மழையில் சரியும் மண் கழுத்தை மூடாதபடி அவ்வப்போது விலக்க வேண்டும். இலேசாக இழுத்ததும் கையோடு வந்து, அடியில் மண்பூச்சு இருந்தால் கரையான். வேப்பம்பிண்ணாக்கு போட்டு வேறு கன்று வையுங்கள்.

தண்டு ஓரிடத்தில் மெலிந்திருக்கிறது

தென்னந்தண்டு ஒருமுறை உருவானபின் பெருக்காது. பட்டினி கிடந்த வருஷத்தில் உருவான பகுதி ஒல்லியாகவே நின்றுவிடும். மேலே போகப்போகக் கூராகி ஓலையும் சிறுத்துக்கொண்டே வந்தால் பட்டினி இன்னும் தொடர்கிறது என்று அர்த்தம். உரக் கணக்கை ஒழுங்காக ஆரம்பியுங்கள். மெலிந்து மறுபடி தடித்திருந்தால் ஒன்றும் செய்ய வேண்டாம்.

எங்கள் மரத்தில் கொண்டைக்குச் சில அடி கீழே அப்படி ஒரு கழுத்து இருக்கிறது, சிமெண்ட் போட்ட வருஷங்களின் அளவு. அதற்கு மேலே தண்டு பழையபடி தடித்துவிட்டது, குலையும் நிற்கிறது. மரம் ஏற வரும் அண்ணன் மட்டும் அந்த இடம் வந்ததும் நின்று, உள்ளங்கையால் இரண்டு தட்டு தட்டிச் சத்தம் கேட்டுவிட்டுத்தான் மேலே போகிறார்.